கவுத்தக்கா

நான்கு சீட்டையும் விசிறியாக விரித்து ஒரே ஒரு தடவைதான் பார்ப்பாள். பிறகு விசிறியை மூடி, மேசைமேல் கவிழ்த்து வைத்து, சட்டைப் பையிலிருந்து ஆறங்குல எஃகு ஸ்கேலை எடுத்து அதன்மேல் வைத்துவிடுவாள். அப்புறம் அவள் கண் சீட்டுப் பக்கமே போகாது. எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் முறை வந்ததும் ஸ்கேலை எடுத்து, கவிழ்த்த சீட்டைக் கவிழ்த்தபடியே நடுவுக்குத் தள்ளிவிட்டு, "கவுத்துட்டேன்பா" என்று சொல்லி டீக் கோப்பையை எடுப்பாள். அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டாள் என்று அர்த்தம். பத்து ஆட்டத்தில் ஏழு ஆட்டம் இப்படித்தான் முடியும்.

அதனால்தான் அவளுக்குக் கவுத்தக்கா என்று பெயர் வந்தது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் அவள் வெறும் அக்கா, கூடப் பிறந்தவள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. இந்த வயதிலும் அவள் கூப்பிடும் "டேய்"க்கு நான் பாதி சாப்பாட்டில் எழுந்து போகிறவன்.

வேலை, லிப்ட் மெக்கானிக். ஊரின் கிழக்குப் பகுதியில் இருக்கும் நாற்பத்திரண்டு லிப்ட்டுகளுக்கு அவள்தான் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மொட்டை மாடியில், மெஷின் ரூமுக்குள், முழங்கை வரை கிரீஸோடு நின்றுகொண்டிருப்பாள். கயிறு பார்க்கும் விதத்தை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். மற்றவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஓகே" என்று எழுதிவிடுவார்கள். அக்கா ஒரு பழைய பனியன் துணியை இரும்புக் கயிற்றின்மேல் சுற்றிப் பிடித்து, லிப்ட்டை மெதுவாக நகர்த்தச் சொல்லி, கயிறு முழுவதையும் அந்தத் துணிக்குள்ளே ஓட விடுவாள். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் அது துணியைப் பிடித்து இழுக்கும். இழுத்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்கேலை வைத்து, அந்த ஆறங்குலத்துக்குள் எத்தனை இழை போயிருக்கிறது என்று எண்ணுவாள். எண்ணிக்கை தாண்டினால் கீழே இறங்கி வந்து கதவில் 'ஓடாது' பலகையை மாட்டிவிடுவாள். அப்புறம் அந்தக் கட்டடத்துக்காரர் தலைகீழாக நின்றாலும் பலகை இறங்காது.

ஒருமுறை எட்டாவது மாடிக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கையில் இரண்டு மளிகைப் பையோடு வந்து பலகையைப் பார்த்துவிட்டு எகிறினார். "காலைல வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு? அறுந்தா விழுந்துச்சு?" அக்கா இரண்டு பையையும் வாங்கிக்கொண்டு படியேறினாள். எட்டு மாடி. மேலே போய் வைத்துவிட்டு, "சார், அது விழுந்தப்புறம் என்னைக் கூப்பிட்டு பிரயோஜனம் இல்ல" என்றாள். இப்போது அவர் வீட்டுக்கு அவள் போனால் வாசலிலேயே காப்பியோடு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்கு வர வேண்டும். நீளமான அறை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று மட்டும் சுற்றும். பச்சைத் துணி ஒட்டிய ஐந்து மேசை. காசு வைத்து ஆடக் கூடாது என்று முதல் நாளே தீர்மானம் போட்ட அறை. ஆளுக்கு இவ்வளவு என்று பிளாஸ்டிக் வில்லைகள் கொடுப்பார்கள், மாலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆடுவது ஒமாஹா.

அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஆளுக்கு நான்கு சீட்டு, அவரவர் ரகசியம். மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்போம்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று, சேர்த்து ஐந்து. ஒவ்வொரு தடவை சீட்டு திறக்கும்போதும் வில்லைகளை நடுவில் தள்ளலாம்; ஒருவர் தள்ளினால் மற்றவரும் அதே அளவு தள்ள வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். யாருடைய ஐந்து உசத்தியோ அவருக்கு நடுவிலிருக்கும் வில்லைகள். கையிலிருந்து இரண்டு என்றால் இரண்டேதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அடுத்தடுத்த எண்ணாக ஐந்து சேர்ந்தால் வரிசை. அது ஒரே எண் மூன்று வைத்திருப்பவரை அடிக்கும். எல்லாம் ஒரே இனமாக, ஐந்தும் சிவப்பு ஆட்டின் என்றோ, கறுப்பு இஸ்பேட் என்றோ, கறுப்பு கிளாவர் என்றோ சேர்ந்தால் ஃப்ளஷ். அது வரிசையை அடிக்கும். இருவருக்குமே ஃப்ளஷ் என்றால் பெரிய சீட்டு வைத்திருப்பவர் ஜெயிப்பார்; எல்லாவற்றிலும் பெரியது ஏஸ். ஒரே எண் மூன்றும் கூட ஒரு ஜோடியும் சேர்ந்துவிட்டால் அது இரண்டையும் அடிக்கும். அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றும் சேரவில்லை, ஆனால் அடுத்த சீட்டு வந்தால் சேர்ந்துவிடும் என்று காத்திருக்கிற கைக்கு எங்கள் அறையில் 'வரப்போற கை' என்று பெயர். ஒமாஹாவில் ஆளைக் கெடுப்பது அதுதான். கையில் நான்கு சீட்டு இருப்பதால் எல்லோருக்கும் எப்போதும் ஏதோ ஒன்று வரப்போகிற மாதிரியே இருக்கும். நானெல்லாம் அந்த 'மாதிரி'யிலேயே குடும்பம் நடத்துகிறவன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் உத்தியோகம்; மேசையில் உட்கார்ந்தால் பிழை மட்டும்தான் விடுவேன்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் எனக்கு நான்கு சீட்டும் ஆட்டினாக வந்தது. மனசுக்குள் மேளமே கொட்டியது. இருந்த வில்லையையெல்லாம் தள்ளிவிட்டு, சிவப்பு சிவப்பாக வரும் என்று கடைசி சீட்டு வரை காத்திருந்து, வெறுங்கையோடு எழுந்தேன். என் சீட்டைப் புரட்டிப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டா, கட்டுல இருக்கறதே பதிமூணு ஆட்டின். அதுல நாலை நீயே கையில வெச்சுக்கிட்டு, மேசைக்கு மூணு வரணும்னு சாமி கும்பிடறியே? உன் கையில ரெண்டுதான் செல்லும். மத்த ரெண்டையும் நீயே திருடி ஒளிச்சு வெச்ச மாதிரிதான்."

அவளுடைய கணக்கு வேறு. "வருமா, வராதான்னு எல்லாரும் கேப்பாங்க. வந்தா என்ன ஆகும்னு முதல்ல கேளு" என்பாள். வராமல் போனால் அதோடு போச்சு, சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கலாம். வந்து, அதை நம்பி எல்லாவற்றையும் தள்ளி, எதிராளி அதைவிடப் பெரியதைக் காட்டினால்தான் வீடு வாசல் போகும். "வந்தும் தோக்கற சீட்டுடா அது" என்று அவள் ஒரு சீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதை வாங்கக் கடவுளே வந்து நின்றாலும் அவள் ஸ்கேல் எழும்பி, சீட்டு நடுவுக்குப் போய்விடும்.

இதை அவள் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஆண்டுப் போட்டியின் கடைசி ஆட்டம். அக்காவும் கிரேன்காரரும். கிரேன்காரர் துறைமுகத்தில் தொண்ணூறு அடி உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர். தரைக்கு வந்த பிறகும் குரலை மட்டும் இறக்க மறந்துவிடுவார். நல்ல மனுஷர். ஆனால் சீட்டைக் கையில் எடுத்தால் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர். அன்று அக்கா கையில் இஸ்பேட் ராஜாவும் இன்னொரு இஸ்பேடும் இருந்தன. மேசையில் இரண்டு இஸ்பேட். மூன்றாவதும் வந்தால் ராஜா தலைமையில் ஃப்ளஷ். காத்திருந்தாள், வந்தது. இருந்ததையெல்லாம் தள்ளினாள். கிரேன்காரர் இஸ்பேட் ஏஸையும் இஸ்பேட் நாலையும் காட்டினார். முடிந்தது.

அறைச் சுவரில் ஒரு கறுப்புப் பலகை உண்டு. வருஷாவருஷம் ஜெயித்தவரின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். மன்றத்தில் எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களோ அதே பெயர்தான் ஏறும். எழுதுவது கிரேன்காரர், அவ்வளவு பெரிய கைக்கு அப்படியொரு அச்சு மாதிரி எழுத்து. அந்த வருஷம் அவர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டதை அக்கா கடைசிச் சுழி வரை நின்று பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னாள்: "அந்தப் பலகையில கவுத்தக்கான்னு எழுதணும்டா. பயந்தாங்கொள்ளின்னு வெச்ச பேரு. அதை அவரே பிரஷ்ஷைப் பிடிச்சு எழுதணும்."

அதன்பிறகு மூன்று வருஷம் அவள் இன்னும் அதிகமாகக் கவிழ்த்தாள். வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அத்தான் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு அதுதான் தொழில். மறுபக்கம் அக்கா தனக்குத்தானே சீட்டுப் போட்டு, எண்ணி, கவிழ்த்துக்கொண்டிருப்பாள். அத்தானுக்குச் சீட்டாட்டத்தில் ஏஸ் பெரியதா சின்னதா என்பதே சந்தேகம். "ஏம்மா, இவ்வளவு நேரமா ஒரு ஆட்டம்கூட ஆடலியே?" என்பார். "ஆடாம இருக்கறதைத்தான் ஆடிக்கிட்டிருக்கேன்" என்பாள். அவர் அதையும் ஒப்புக்கொண்டு லென்ஸை ஊதுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கடைசி ஆட்டம். மறுபடியும் அதே இருவர். முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்விய எனக்குச் சீட்டுப் போடும் பொறுப்பு கொடுத்தார்கள். அத்தான் பிளாஸ்கோடு என் பின்னால் வந்து நின்றுகொண்டார். சுற்றி முப்பது பேர்.

முதல் ஒரு மணி நேரம் கிரேன்காரர் தள்ளினார், அக்கா கவிழ்த்தாள். இடையிடையே சத்தமில்லாமல் சின்னச் சின்னதாக ஜெயித்துக்கொண்டும் இருந்தாள். அப்புறம் ஓர் ஆட்டம். மேசையில் மூன்று சீட்டு திறந்தேன், இரண்டு கிளாவர். கிரேன்காரர் பெரிதாகத் தள்ளினார். அக்கா ஸ்கேலை எடுத்தாள். பிறகு, "கவுத்துட்டேன்பா." தள்ளும்போது இரண்டு சீட்டின் ஓரம் தூக்கிக்கொண்டதில் எனக்கு மட்டும் தெரிந்தது: கிளாவர் ராஜா, கூட இன்னொரு கிளாவர்.

கிரேன்காரர் வெற்றிக் களிப்பில் தன் சீட்டைத் திறந்தே காட்டிவிட்டார். "பாருங்கய்யா! என்கிட்ட ஒரு ஜோடிகூடக் கிடையாது. வரப்போற கைதான். அதுக்கே கவுத்துட்டாங்க!" அறை சிரித்தது. "லிப்ட்டையும் நிறுத்துவாங்க, சீட்டையும் கவுப்பாங்க" என்று யாரோ சொல்ல, இன்னொரு சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. அவர் திறந்த சீட்டில் கிளாவர் ஏஸ் இருந்தது, பக்கத்திலேயே இன்னொரு கிளாவரும். அக்கா காத்திருந்து கிளாவர் வந்திருந்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய கதைதான் எழுத்துப் பிசகாமல் திரும்ப நடந்திருக்கும். அவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று காட்டத் திறந்த சீட்டு, அவள் கெட்டிக்காரி என்பதற்குச் சாட்சியாக எல்லார் கண்முன்னும் கிடந்தது. ஒருத்தரும் படிக்கவில்லை. அக்கா படித்தாள். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முப்பது பேர் சிரிக்கும் நடுவில் நியாயம் தன் பக்கம் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இந்த ஜென்மத்தில் கிடையாது. அது என் கூடப் பிறந்தவளிடம் இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

நான்கைந்து ஆட்டம் கழித்து அது வந்தது. இப்போது இருவரிடமும் வில்லைகள் கிட்டத்தட்ட சமம். அக்காவிடம் ஒரு கைப்பிடி கூட. மேசையில் நான் திறந்த மூன்று சீட்டு: ஆட்டின் ஒன்பது, இஸ்பேட் எட்டு, ஆட்டின் மூன்று. நடுவில் எவ்வளவு இருந்ததோ அதே அளவுக்குக் கிரேன்காரர் தன் வில்லைகளைத் தள்ளினார். அக்காவின் கை ஸ்கேலுக்குப் போனது. அறையே 'கவுத்துட்டேன்பா'வுக்காகக் காத்திருந்தது. இரண்டு பேர் முன்கூட்டியே சிரித்தும்விட்டார்கள்.

அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன எண்ணினாள் என்பதை வீடு திரும்பும்போது சொன்னாள். கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் பத்து, இஸ்பேட் ஜாக்கி, கிளாவர் ஏழு. "ஆட்டின் வந்தா ஏஸ் தலைமையில ஃப்ளஷ், அது ஒம்பது சீட்டு. வரிசைக்கு ராணி, ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு, எது வந்தாலும் சரி. அதுல ஆட்டினை ஏற்கெனவே எண்ணிட்டதால, மத்தது பதிமூணு. மொத்தம் இருபத்திரண்டு." நானாக இருந்தால் அங்கேயே துள்ளியிருப்பேன். அவள் அங்கிருந்துதான் கழிக்கத் தொடங்கினாள். "ஆட்டின் எட்டு வேண்டாம், மேசையில எட்டு ஜோடியாயிடும், அவர்கிட்ட ஒரே எண் மூணு இருந்தா அது அவருக்குத்தான் உதவும். ஜாக்கியும் பத்தும் வந்தா வரிசை சேரும், ஆனா அவர்கிட்ட ராணி இருந்தா அவரோட வரிசை பெரிசு. ஆட்டின் இல்லாத அந்த அஞ்சையும் சேர்த்து மொத்தம் ஆறை அடிச்சிட்டேன். மிச்சம் பதினாறு. அந்தப் பதினாறுல எது வந்தாலும் அந்த நிமிஷம் என்னை ஜெயிக்க கட்டுலயே சீட்டு கிடையாது. அதுவும் வர்றதுக்கு ரெண்டு வாய்ப்பு இருக்கு. இதைக் கவுத்தா நான் மெக்கானிக்கே இல்லடா."

ஸ்கேலை எடுத்தாள். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இரண்டு உள்ளங்கையாலும் வில்லைகள் அத்தனையையும் முன்னால் தள்ளினாள்.

அறையில் சுற்றாத மின்விசிறிகூடச் சுற்றியிருக்கும், அப்படியொரு மூச்சு எல்லோரிடமிருந்தும் வந்தது. கிரேன்காரர் ஒரு கணம் தயங்கினார். அவர் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே தயக்கம். பிறகு அவரும் இருந்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சீட்டைத் திறந்தார். கையில் இரண்டு ஒன்பது, மேசையின் ஒன்பதோடு மூன்று. மற்ற இரண்டும் உதவாக்கரை. அக்காவும் தன் நான்கையும் திறந்து வைத்தாள். யாரோ எட்டிப் பார்த்து, "அட, இன்னும் எதுவுமே சேரலியே! ஆட்டின் ஏஸை நம்பியா எல்லாத்தையும் தள்ளிட்டாங்க?" என்றார். அவ்வளவுதான், அறை முழுக்க அந்தச் சிவப்பு ஏஸையே பார்க்க ஆரம்பித்துவிட்டது. "ஆட்டின்! ஆட்டின்!" என்று ஒரு பாதி. "கறுப்பு! கறுப்பு!" என்று மறு பாதி.

"ஆட்டின்னா சிவப்புதானே?" என்று அத்தான் என் காதில் கேட்டார். தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், தனக்கு வேண்டியதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் எப்போதும் இதைத்தான் செய்வார்.

நான்காவது சீட்டைத் திறந்தேன். இஸ்பேட் ராஜா. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரேன்காரர் நெற்றியைத் துடைத்தார்.

கடைசிச் சீட்டு என் கட்டைவிரலுக்கும் கட்டுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஏன்டா பிடிச்சு வெச்சிருக்கே? நான் தள்ளினது சரி. வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. போடு." என் வாழ்க்கையில் யார்மீதும் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை, சீட்டு இன்னும் திரும்பக்கூட இல்லை.

திருப்பினேன். கறுப்பு. கிளாவர்.

"கறுப்பு!" என்று பாதி அறை கத்தியது. மறு பாதி உச்சுக் கொட்டியது. ஆட்டின் வரவில்லை என்பதைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஏறவில்லை. பிழை திருத்துகிறவன், எழுத்தை விட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் துடைத்த கண்ணாடியைப் போடாமலே, "போச்சா?" என்றார். கிரேன்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, வில்லைகளை அணைத்து இழுக்க இரண்டு கைகளையும் நீட்டிவிட்டார்.

அக்கா அவரைத் தடுக்கவில்லை. மேசையில் புதிதாக விழுந்த கிளாவர் ஆறை ஒரு விரலால் நகர்த்தி, அங்கிருந்த எட்டுக்கும் ஒன்பதுக்கும் பக்கத்தில் வைத்தாள். தன் நான்கு சீட்டிலிருந்து ஏழையும் பத்தையும் எடுத்து அவற்றோடு சேர்த்தாள். ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கிரேன்காரரின் கைகள் வில்லைகளுக்கு ஒரு சாண் முன்னால் அப்படியே நின்றன.

அவளிடம் இன்னும் இரண்டு சீட்டு மிச்சமிருந்தன, ஜாக்கியும், அறை முழுக்க இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டின் ஏஸும். அக்கா இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.